வயலுக்கு வரும் பறவைகள்: அலகும் காலும் நோக்கி இனம் அறிதல்

வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் நாள்தோறும் நாம் காணும் பறவைகள் பலவாகும். அவற்றுட் சில நாம் விதைத்ததை உண்கின்றன. வேறு சில, நாம் விதைத்ததை உண்ண வரும் பூச்சியையும் எலியையும் நத்தையையும் உண்கின்றன. இவ்விரு சாராரையும் பிரித்தறியாத கமக்காரர், கதிரைக் காக்க எண்ணித் தம் காவலாளரையே துரத்தி விடுதல் உண்டு. கொக்கும் கிளியும் ஒரே கல்லெறிக்கு இலக்காகின்றன. சாக்குருவி கூரைமேல் அமர்ந்தால் அதனை அடித்துக் கொல்வாரும் உளர். அவ்வாறு கொல்லப்பட்ட ஒவ்வொரு சாக்குருவிக்கும் ஈடாகப் பல எலிகள் வயலிற் பெருகி, வரம்பைத் துளைத்து, தண்டை வெட்டி, எலிக்காய்ச்சலையும் பரப்புகின்றன.

பறவைகளின் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். நிறமும் ஆணுக்கும் பெண்ணுக்கும், குஞ்சுக்கும் முதிர்ந்ததற்கும், இனம் பெருக்கும் காலத்துக்கும் ஏனைக் காலத்துக்கும் மாறும். ஆனால் அலகின் வடிவும் காலின் அமைப்பும் எளிதில் மாறுவன அல்ல. ஒரு பறவை எதனை உண்கிறது, எங்கு வாழ்கிறது என்பவற்றை இவ்விரண்டுமே முதற்கண் உணர்த்தும். ஆகவே உறுப்புகளை நோக்கிப் பறவைக் கூட்டங்களை வேறுபடுத்தும் முறையை இங்கே படிப்படியாக விளக்குவோம்.

நோக்க வேண்டிய உறுப்புகள்

முதலாவது அலகு. இதனைச் சொண்டு என்றும் வழங்குவர். குறுகித் தடித்துக் கூம்பு போன்றிருப்பின் அது தானியத்தின் உமியை உடைக்கும் அலகு. கொக்கி போல் வளைந்து கூரிய நுனி உடையதாயின் ஊனைக் கிழிக்கும் அலகு. கிளிக்கும் வளைந்த அலகு உண்டாயினும் அது விதையையும் கனியையும் பிளப்பது. நீண்டு ஈட்டி போல் நேராயிருப்பின் மீனையும் தவளையையும் கவ்வுவது. மெல்லியதாய்க் கூரியதாய் இருப்பின் பூச்சியைப் பிடிப்பது. அகன்று தட்டையாயின் நீரையும் சேற்றையும் சலித்து உண்பது.

இரண்டாவது கால். பெரும்பாலான பறவைகளுக்கு முன்னே மூன்று விரல்களும் பின்னே ஒன்றும் உள்ளன. மரக்கிளையைப் பற்றி அமர்வதற்கு இது ஏற்றது. கிளி, மரங்கொத்தி, செண்பகம், குயில் ஆகியவற்றுக்கு முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக விரல்கள் அமைந்துள்ளன. தாராவின் விரல்களுக்கிடையே தோற்சவ்வு உண்டு. இலைக்கோழியின் விரல்கள் மிக நீண்டிருப்பதால் உடற்பாரம் பரந்து, தாமரை இலைமேலும் அது அமிழாது நடக்கும். கோழி, மயில், கவுதாரி ஆகியவற்றுக்குத் தடித்த விரலும் மழுங்கிய நகமும் உள்ளன. நிலத்தைக் கிளறி உண்பதற்கு அவை உதவும்.

மூன்றாவது செட்டையும் பறக்கும் முறையும். நீண்டு கூரிய செட்டையுடையவை நெடுநேரம் காற்றிற் பறந்தவாறே இரை பிடிப்பன. அகன்ற செட்டையுடைய பருந்துகள் செட்டையை அடியாமலே வட்டமிடும். குறுகி வட்டமான செட்டையுடைய கவுதாரியும் காடையும் திடீரென எழும்பிச் சிறிது தூரம் பறந்து மீண்டும் நிலத்தில் இறங்கும்.

நான்காவது வால். அது பிளவுபட்டதா, வட்டமா, நீண்டு ஒடுங்கியதா என நோக்குக. மரங்கொத்தியின் வாலிறகு விறைப்பானது. மரத்திற் சாய்ந்து நிற்பதற்கு ஊன்றுகோல் போலப் பயன்படும்.

இவற்றோடு பறவையின் பருமனையும் குறித்துக் கொள்ளல் வேண்டும். அடியும் அங்குலமும் தூரத்திலிருந்து அளக்க முடியாதாகையால், ஊர்க்குருவி அளவு, மைனா அளவு, காகத்தின் அளவு, ஊர்க்கோழி அளவு என நான்கு படிகளை மனத்திற் கொண்டு ஒப்பிடுதல் எளிதாகும்.

1. தானியம் உண்ணும் சிறு குருவிகள்

கூம்பு போன்ற தடித்த அலகும், கிளையைப் பற்றும் மெல்லிய காலும், சிறிய உடலும் உடையவை இக்கூட்டத்தினவாகும். நெற்கமக்காரர் முதலில் அறிய வேண்டியவை தினைக்குருவிகள். இவற்றைச் சில்லை என்றும் அழைப்பர். ஊர்க்குருவியினும் சிறிய இவை கூட்டமாக வந்து கதிரில் தொங்கி, பால் பிடிக்கும் நெல்மணியை அலகால் நசுக்கிச் சாற்றை உறிஞ்சும். வெண்மையான அடிமுதுகுடைய சில்லையும், மார்பிற் செதில் போன்ற கோலமுடைய சில்லையும் இந்நாட்டிற் பரவலாகக் காணப்படுகின்றன.

தூக்கணாங்குருவியும் இவ்வகை அலகினதே. இனம் பெருக்கும் காலத்தில் ஆணின் தலையுச்சியும் மார்பும் மஞ்சளாகும். பனையிலும் முள்மரத்திலும் தொங்கும் அதன் கூட்டை அறியாதார் இலர். அது நெல்லை உண்ணுமாயினும் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டுகிறது. ஊர்க்குருவியும் அவ்வாறே. ஆகவே கதிர் இல்லாத காலத்தில் இவற்றின் கூடுகளை அழிப்பதால் பயன் இல்லை.

2. கிளியும் புறாவும்

கிளியின் அலகு வளைந்தது. எனினும் பருந்தின் காலும் கிளியின் காலும் வேறு. கிளியின் விரல்கள் முன்னிரண்டு பின்னிரண்டாக இருத்தலால், ஒரு காலால் இரையைப் பிடித்து மறு காலில் நின்று உண்ணும். நீண்டு ஒடுங்கிய வாலும், நேராக விரைந்து பறத்தலும், கீச்சிடும் குரலும் இதன் அடையாளங்களாகும். சோளம், முற்றிய நெல், மிளகாய், கனிகள் என்பவற்றைத் தாக்கும். உண்பதினும் வெட்டி வீழ்த்துவது மிகுதி.

புறாவின் அலகு மெல்லியது. அதன் அடியில் மென்மையான தடிப்பு உண்டு. அவ்வலகால் உமியை உடைக்க இயலாது. விதையை முழுதாக விழுங்கும். ஆகையால் கதிரிலும் பார்க்க, மூடப்படாத விதையையும் முளைக்கும் பயற்றையுமே புறா தேடி வரும். விதையை மண்ணால் நன்கு மூடிவிடுதலே அதற்கு ஏற்ற காவல்.

3. நிலத்தைக் கிளறும் பறவைகள்

தடித்த கால், மழுங்கிய நகம், குறுகிய வலிய அலகு, கனத்த உடல் ஆகியன இக்கூட்டத்தின் இலக்கணம். மயில், காட்டுக்கோழி, கவுதாரி, காடை என்பன இதில் அடங்கும். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொண்டையுடைய இலங்கைக் காட்டுக்கோழி வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வாழ்வதில்லை. அதுவே நம் தேசியப் பறவையுமாகும்.

முன்னர் உலர் வலயத்திலேயே பெரிதும் காணப்பட்ட மயில், அண்மைய பத்தாண்டுகளில் ஈரவலயத்துக்கும் பரவியுள்ளது. விதைத்த நெல்லையும், மரக்கறி நாற்றுகளையும், காய்களையும் அது உண்பதால் கமக்காரருக்கு மெய்யான இடர் விளைகிறது. மயில் பூச்சியையும் பாம்பையும் உண்பது உண்மையே. எனினும் நாற்றுமேடையில் அதனை விடுதல் கூடாது. நாற்றுமேடைக்கு வலையிட்டு மூடுதல் சிறந்தது.

கோழிக் கூட்டத்தோடு ஒப்புமையுடையதாய்த் தோன்றும் சிறு காடைகளுள் ஒருவகைக்குப் பின்விரலே இல்லை. சேற்றில் மூன்று முன்விரல்கள் மட்டும் பதிந்திருப்பின் அது இவ்வகையாதல் கூடும். இது புல்விதையையும் பூச்சியையும் உண்ணுமாகையாற் பெரும் பீடையன்று.

4. நீரில் நீந்துவனவும் நாணலில் நடப்பனவும்

தட்டை அலகும் சவ்வுள்ள காலும் உடையவை தாராக் கூட்டம். நம் குளங்களிற் பெருந்தொகையாக வாழும் சீழ்க்கைத் தாரா செம்பழுப்பு நிறமுடையது. பறக்கும்போது சீழ்க்கை போல் ஒலிக்கும். பெரும்பாலும் இரவில் வயலுக்கு வந்து, நீர் தேங்கிய இடத்தில் முளைநெல்லையும் இளம்பயிரையும் உண்ணும். விதைத்த பின் நீரை நன்கு வடித்துச் சேற்றை மட்டும் ஈரமாக வைத்திருந்தால் தாராவின் வருகை குறையும்.

கானாங்கோழியும் நீலக்கோழியும் தாராவைப் போல நீர்க்கரையில் வாழ்ந்தாலும் அவற்றின் காலிற் சவ்வு இல்லை, விரல்கள் நீண்டவை. முகமும் மார்பும் வெண்மையாயும் வாலடி செம்மையாயும் இருப்பது கானாங்கோழி. அது பூச்சி, புழு, நத்தை, விதை ஆகிய பலவற்றையும் உண்பது. நீலக்கோழி ஊர்க்கோழி அளவினது. நெற்றியில் சிவந்த கேடயம் போன்ற தட்டு உண்டு. நெற்பயிரின் தண்டை வெட்டி மென்மையான உட்பகுதியை உண்ணும். குளத்தையும் நாணற்காட்டையும் அடுத்துள்ள வயல்களில் இதன் சேதம் மிகுதியாகும்.

5. கொக்கும் நாரையும்

நெடுங்காலும் நெடுங்கழுத்தும் ஈட்டி அலகும் உடையவை இவை. கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோள்களுக்கிடையே ஒடுக்கிக் கொள்ளும். நாரை கழுத்தை நீட்டியவாறே பறக்கும். தூரத்திலேயே இரண்டையும் பிரித்தறிய இதுவே போதும்.

வெண்கொக்குகள் யாவும் ஒன்றல்ல. மாட்டின் பின் செல்வது உண்ணிக்கொக்கு. அதன் கழுத்துக் குறுகியது, அலகு மஞ்சள். இனம் பெருக்கும் காலத்தில் தலையும் கழுத்தும் இளஞ்செம்மஞ்சள் நிறமாகும். உழும்போதும் மாடு மேயும்போதும் எழும்பும் வெட்டுக்கிளி, வண்டு, புழு ஆகியவற்றை அது பிடிக்கும். சின்ன வெண்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். அது மீனையே மிகுதியாக நாடும். மடையான் எனப்படும் குருட்டுக்கொக்கு நிலத்தில் நிற்கும்போது மண்ணிறம். எழும்பினால் வெண்செட்டை வெளிப்படும்.

நத்தைகுத்தி நாரையின் அலகை நன்கு நோக்குக. மேலலகும் கீழலகும் நுனியிற் சேர்ந்து, நடுவே இடைவெளி விட்டு நிற்கும். அவ்வலகால் நீர்நத்தையின் ஓட்டிலிருந்து உடலை வெளியே எடுக்கும். அரிவாள்மூக்கனின் அலகோ அரிவாள் போல் கீழ்நோக்கி வளைந்தது. சேற்றைத் துழாவிப் புழுவையும் பூச்சியையும் எடுக்கும். இக்கூட்டத்தினுள் நெல்லைத் தின்பது எதுவுமில்லை. நாற்றை மிதித்தல் சில வேளை நேரலாம். அதன்பொருட்டு இவற்றைச் சுடுதல் பெருந் தவறாகும்.

6. பூச்சி உண்பவை

இவற்றின் அலகு பெரும்பாலும் மெல்லியது. பூச்சி பிடிக்கும் முறையால் இவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பறந்தவாறே பிடிப்பவை. தகைவிலானுக்கு அலகு சிறிது, வாய் அகன்றது, செட்டை நீண்டு கூரியது. உழவாரனும் அவ்வாறே தோன்றுமாயினும் அதன் கால் மிகச் சிறியதாகையால் கம்பியிலோ கிளையிலோ அமரமாட்டாது. பனை ஓலையின் அடிப்புறத்திற் கூடு ஒட்டும் சிறு பறவை பனை உழவாரன் ஆகும்.

இரண்டாம் வகை, கம்பத்திலிருந்து பாய்ந்து பிடித்து மீண்டும் அங்கேயே வந்தமர்பவை. பிளவுபட்ட நீண்ட வாலுடைய கரிச்சான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதனை இரட்டைவாற் குருவி என்றும் அழைப்பர். முழுதும் கரிய கரிச்சான் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் காணப்படும். வெள்ளை வயிற்றுக் கரிச்சான் நாட்டின் ஏனைப் பகுதிகளிற் பரவலாக உண்டு. பச்சை நிறமும் வளைந்த மெல்லலகும் உடைய பஞ்சுருட்டானும் இவ்வகையினதே. தேனீ வளர்ப்போர் மட்டும் அதனைக் கூட்டருகில் விடாது பார்த்துக் கொள்க.

மூன்றாம் வகை, நிலத்திலும் செடியிலும் தேடிப் பிடிப்பவை. ஆறும் ஏழுமாகக் கூடிச் சருகைப் புரட்டும் புலுனி, உழவுசாலிற் புழு பொறுக்கும் மைனா, நீண்டு வளைந்த அலகை மண்ணிற் செலுத்தும் கொண்டலாத்தி, செந்நிறச் செட்டையுடைய செண்பகம் ஆகியன இவை. மரக்கறித் தோட்டங்களை அழிக்கும் பெரிய ஆபிரிக்க நத்தையைச் செண்பகம் விரும்பி உண்கிறது. தோட்ட வேலியிற் சிறிது புதர் விட்டு வைத்தால் அது அங்கே தங்கும்.

பெரும்போகக் காலத்தில் வட நாடுகளிலிருந்து வரும் தகைவிலான், வாலாட்டி, உள்ளான் முதலியனவும் நம் வயலில் இரை தேடும். புரட்டாதி, ஐப்பசி அளவில் வந்து, பங்குனி, சித்திரை அளவில் அவை திரும்பிச் செல்லும்.

7. ஊன் உண்பவை

கொக்கி அலகும், கூரிய வளைந்த உகிர்களும், முன்னோக்கிய கூர்ந்த பார்வையும் இவற்றின் அடையாளம். பகலில் வேட்டையாடுபவை பருந்தும் வல்லூறும். காகத்தினும் சிறிதாய், சாம்பலும் வெண்மையுமாய், தோளிற் கரிய பட்டையும் சிவந்த கண்ணும் உடைய கருந்தோட் பருந்து, வயலின் மேல் ஓரிடத்திலேயே செட்டையை அடித்து நிலைத்து நின்று, பின் கீழே இறங்கி எலியையும் வெட்டுக்கிளியையும் பற்றும். வெண்டலையும் செம்பழுப்பு உடலும் உடைய செம்பருந்து மீன், நண்டு, தவளை ஆகியவற்றை உண்ணும். கோழிக்குஞ்சையும் சில வேளை தூக்கிச் செல்லும்.

இரவில் வேட்டையாடுபவை ஆந்தைகள். தட்டையான முகமும் முன்னோக்கிய பெரிய கண்களும் உடையமையால் இவற்றை வேறெதனோடும் மயங்க இடமில்லை. இவற்றுட் சாக்குருவி தனியே கூறத் தக்கது.

சாக்குருவியைப் பற்றி

வெண்மையான இதய வடிவ முகமும், பொன்னிற முதுகும், நீண்ட காலும் உடைய இப்பறவையைக் கூகை என்றும் அழைப்பர். இதன் முகம் ஒலியைச் சேர்க்கும் கிண்ணம் போன்றது. இரு காதுகளும் சம உயரத்தில் அமையாமையால், எலி அசையும் திக்கை இருளிலும் துல்லியமாக அறியும். செட்டை இறகின் ஓரத்தில் மென்மையான விளிம்பு இருத்தலால் பறக்கும்போது ஓசை எழாது. எலியைப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடல் எனலாம்.

இதன் அலறல் சாவை அறிவிக்கும் என்னும் எண்ணம் நம் ஊர்களிற் பழையது. அதனை நம்புவோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சாக்குருவி பகலிற் தங்கும் பாழ்வீடு, கோபுரம், மரப்பொந்து ஆகியவற்றின் கீழே கரிய உருண்டைகள் கிடக்கும். செரியாத எலும்பையும் மயிரையும் அது கக்கிய உருண்டைகள் அவை. ஒன்றை நீரில் ஊறவைத்துத் தடியாற் பிரித்தால், எலியின் மண்டையோடும் தாடையும் பல்லும் வெளிப்படும். எத்தனை மண்டையோடுகள் உள்ளன என எண்ணுக. அத்தனை எலிகள் நம் வயலிலிருந்து நீங்கின என்று கொள்க. உருண்டைகளை வெறுங்கையாற் தொடாது, வேலை முடிந்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

எலிக்கு நஞ்சு வைக்கும் கமக்காரர், இறந்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். நஞ்சுண்ட எலியை உண்ட சாக்குருவியும் இறக்கும். அடுத்த போகத்தில் எலி பிடிக்க அது இராது.

சேதத்தைக் கண்டு செய்தவரை அறிதல்

பறவையை நேரிற் காணாவிடினும் அது விட்ட அடையாளத்தைக் காணலாம்.

கதிரில் மணிகள் நசுங்கி, உமியின் மேல் வெண்பால் காய்ந்து ஒட்டியிருப்பின் தினைக்குருவியின் வேலை. மணி நசுங்காது, சிறு கபிலப் புள்ளியுடன் பதராயிருப்பின் நெல் மூட்டுப்பூச்சியின் வேலை. அங்கே வெருளி கட்டுவதாற் பயன் இல்லை. தண்டு அடியிற் சாய்வாக வெட்டப்பட்டு, வயலின் நடுப்பகுதியிற் பயிர் வெளித்திருப்பின் எலி. நீர்க்கரை ஓரத்தில் தண்டு பிளக்கப்பட்டு உட்குருத்து உண்ணப்பட்டிருந்து, நீண்ட விரல்களின் அடி சேற்றிற் பதிந்திருப்பின் நீலக்கோழி. சவ்வுக் காலடியும் கலங்கிய நீரும் தாராவைக் காட்டும். தோட்டத்தில் மண் கிளறப்பட்டு நாற்று பிடுங்கப்பட்டிருப்பின் மயிலையோ கோழியையோ நினைக்க வேண்டும்.

பருவத்துக்கேற்ற காவல்

விதைப்புக் காலத்தில் அயல் வயற்காரர் யாவரும் ஒரே கிழமையில் விதைப்பது நன்று. முந்தியோ பிந்தியோ விளையும் தனி வயலிலேயே பறவைகள் யாவும் திரளும்.

பயிர் வளரும் காலத்தில், வயலில் இடையிடையே குறுக்குத் தடி கட்டிய கம்பங்களையோ தென்னை மட்டைகளையோ நட்டு வைக்க. பகலிற் கரிச்சானும் இரவிற் சாக்குருவியும் அவற்றில் அமர்ந்து இரை பிடிக்கும். இக்காலத்திற் கண்டபடி பூச்சிநாசினி தெளித்தால் பூச்சியோடு பூச்சி உண்பவையும் நீங்கும். தேவை உண்டோ என முதலில் வயலில் இறங்கிப் பார்த்தே தெளித்தல் வேண்டும்.

கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் முன் அக்கம்பங்களைப் பிடுங்கி விடுக. இல்லையேல் தினைக்குருவியும் கிளியும் அவற்றைத் தங்குமிடமாக்கும். வெருளி, ஒளிரும் நாடா, தகரவொலி ஆகியவற்றைக் கதிர்ப் பருவத்தில் மட்டும் பயன்படுத்தி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுக. ஒரே இடத்தில் நிற்கும் வெருளிக்குப் பறவைகள் விரைவிற் பழகிவிடும். அதன் தலைமேலேயே குருவி அமர்வதைக் காணலாம். காவலுக்கு ஆள் செல்வதாயின் அதிகாலையும் பிற்பகலும் சிறந்த வேளைகளாகும். பறவைகள் அவ்வேளைகளிலேயே மிகுதியாக இரை தேடும்.

சட்டத்தை அறிதல்

இந்நாட்டுப் பறவைகளுட் பெரும்பாலானவை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை. எனவே சேதம் மிகுந்தால் நஞ்சோ துவக்கோ நாடாது, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் வனசீவராசிகள் உத்தியோகத்தரையும் கலந்து ஆலோசிக்க வேண்டும். நஞ்சிட்ட தானியம் கிளியை மாத்திரமன்றி, வீட்டுக் கோழியையும், அதனை உண்ணும் மனிதரையும் கெடுக்கும்.

மனத்திற் கொள்ள வேண்டியவை

கூம்பலகு கதிரை நாடும். கதிர்ப் பருவத்திற் காவல் செய்க.
தட்டலகும் சவ்வுக்காலும் முளைநெல்லை நாடும்; நீரை வடித்து விடுக.
தடித்த காலும் மழுங்கிய நகமும் நாற்றைக் கிளறும், மேடைக்கு வலையிடுக.
ஈட்டியலகும் நெடுங்காலும் தீங்கற்றவை. அவை வயலில் உலாவட்டும்.
மெல்லலகு பூச்சியை உண்ணும். அமர்வதற்குக் கம்பம் கொடுக்க.
கொக்கியலகும் கூருகிரும் எலியைப் பிடிக்கும், அவற்றைக் கொல்லற்க.

இவற்றைப் படித்து வைப்பதோடு அமையாது, ஒரு கிழமை காலையிலும் மாலையிலும் வரம்பில் நின்று, வரும் பறவைகளின் அலகு, கால், செட்டை, வால், பருமன் ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. பாடசாலை செல்லும் பிள்ளைகளை இவ்வேலையில் ஈடுபடுத்தலாம். அவர்களின் கண் கூரியது. கிழமை முடிவில் எந்தக் கூட்டம் உண்ண வருகிறது, எந்தக் கூட்டம் காக்க வருகிறது என்பது தெளிவாகும். அதன் பின்னர் எறியும் கல் குறி தவறாது. எறியாது விட வேண்டிய இடமும் தெரியும்.